மாதோட்டமும் இரு கடல்களும்

திருக்கேதீச்சரம் என்றவுடன் தேவாரம் பயின்ற நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது பாலாவிக் கரை. அடுத்து எழுவது மாதோட்டத் துறை. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய இத்தலத்தைக் கடலோடும் மரக்கலத்தோடும் சேர்த்தே நம் முன்னோர் நினைத்து வந்தனர். ஆயினும், மாதோட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசரையும் படையெடுப்பையும் வணிகரையும் பற்றி விரித்துரைத்த அளவிற்கு அக்கடலைப்பற்றி உரைத்தாரல்லர். வரைபடத்தில் நீலம் தீட்டிய வெற்றிடமாகவே கடல் நின்றுவிட்டது. அந்த நீர் எத்திசையில் ஓடுகின்றது, எப்பருவத்தில் மாறுகின்றது, எவ்வளவு உவர்ப்புடையது என்னும் வினாக்கள் பூகோள மாணவனுக்கு உரியனவேயன்றிச் சரித்திர மாணவனுக்கு உரியனவல்ல என்று கருதப்பட்டன போலும். மாதோட்டத்தைப் பொறுத்தவரை இப்பாகுபாடு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியில் நின்று இருமருங்கும் நோக்குவோர்க்கு ஒரே கடல் நடுவே பாதையிட்டுக் கடக்கப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் அவர் காண்பவை இரண்டு கடல்கள். தீவை நோக்கி நிற்பவருக்கு வலப்புறம் இருப்பது பாக்குக் குடாவின் நீர். இடப்புறம் இருப்பது மன்னார்க் குடாவின் நீர். முன்னது வங்காளக் குடாவின் பிள்ளை. பின்னது அராபிக் கடலோடும் இந்து சமுத்திரத்தின் தென்பரப்போடும் உறவு பூண்டது. மாதோட்டம் இவ்விரண்டும் சந்திக்கும் ஒடுங்கிய நீர்வழியின் கரையிலே அமைந்தது.

பாக்குக் குடா மூன்று புறமும் ஏறக்குறைய அடைபட்ட கடலாகும். மேற்கே தமிழகக் கரை. கிழக்கே யாழ்ப்பாணக் குடாநாடும் வன்னிக் கரையும். தெற்கே இராமேச்சுரத் தீவும், மன்னார்த் தீவும், இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம் தொடர்ந்து கிடக்கும் மணற்றிடர்களும். இத்திடர்களையே நாம் சேது என்றும் இராமர் அணை என்றும், ஐரோப்பியர் ஆதாம் பாலம் என்றும் வழங்குகின்றோம். வடகிழக்கே பாக்கு நீரிணை ஒன்றே இக்குடாவிற்கு அகன்ற வாயில். குடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்டது. திடர்களின்மேலோ சில இடங்களில் ஒரு மீற்றர் நீரே நிற்கும். இதற்கு மாறாக மன்னார்க் குடா தெற்கே செல்லச் செல்ல ஆயிரம் மீற்றரையும் கடந்து ஆழ்ந்துவிடுகின்றது. சமுத்திரமும் குளமும் ஒரு வரம்பின் இருபுறமும் கிடப்பதாகக் கற்பனை செய்தால் உண்மைக்கு மிகத் தூரமாகாது. இறுதிப் பனியூழியில் உலகக் கடல்மட்டம் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்த காலத்தில் அக்குளம் முழுவதும் வறண்ட தரையாகக் கிடந்தது; ஈழமும் தமிழகமும் அப்பொழுது ஒரே நிலம்.

இனி நீரின் இயக்கத்தை நோக்குவோம். நம் கடற்றொழிலாளர் ஆண்டைக் காற்றின் பெயராலேயே பகுப்பர். வாடை என்பது மாரிக்கு உரியது. சோளகம் கோடைக்கு உரியது. இடையே கொண்டலும் கச்சானும் வந்து போகும். உலகின் ஏனைய பெருங்கடல்களில் முக்கிய நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஒரு திசையிலேயே ஓட, இந்து சமுத்திரத்தின் வடபாகத்தில் மட்டும் பருவக்காற்றோடு அவையும் திசை திரும்புகின்றன. கார்த்திகை தொடங்கித் தை வரையும் வடகீழ்க் காற்றின் காலத்தில் வங்காளக் குடாவின் நீர் இந்தியாவின் கீழ்க்கரை வழியே தெற்கு நோக்கி இறங்கி வருகின்றது. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் சொரிந்த நன்னீர் அதில் கலந்திருக்கின்றது. ஆயிரம் பங்கு கடல்நீரில் 35 பங்கு உப்பு இருப்பது உலகப் பொது அளவு. வங்காளக் குடாவின் வடகோடியில் மழைக்காலத்தை அடுத்து இது 30 இற்கும் கீழே தாழும். அராபிக் கடலின் வடபாகத்தில் 36 இற்கும் மேலே உயரும். ஒன்றில் ஆறுகள் அதிகம். மற்றதில் வெயிலால் ஆவியாகும் நீர் அதிகம். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் பேசாலைக் கரையிலே கால் நனைப்பவர் இமயத்தின் மழையிலும் ஒரு துளி நனைக்கின்றார் என்றால் அது வெறுங் கற்பனையன்று.

ஆனால் இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வரும் அப்பெருவெள்ளத்தின் மிகப் பெரும் பகுதி பாக்கு நீரிணைக்குள் நுழைவதில்லை. அது ஈழத்தின் கீழ்க்கரையைச் சுற்றித் தெற்கே தேவேந்திரமுனையைக் கடந்து மேற்கே திரும்பி அராபிக் கடலுட் புகுகின்றது. சிறு பகுதி ஒன்றே பாக்குக் குடாவிற்குள் வந்து, சேதுத் திடர்களின் இடைவெளிகளாலும் பாம்பன் வாயிலாலும் கசிந்து மன்னார்க் குடாவை அடைகின்றது. சோளகத்தில் இதன் மறுதலை நிகழும்: உவர்ப்பு மிக்க தென்கடல் நீர் அதே இடைவெளிகளால் வடக்கே ஏறும். எனவே சேது கடலை அடைக்கும் சுவருமன்று, திறந்த வாயிலுமன்று; அதனைச் சல்லடை என்பதே பொருத்தம். பெருநீர் தீவைச் சுற்றியே போகும். சிறுநீர் இடையே புகும். பெருங்கப்பலும் சிறுதோணியும் இதே முறையிற் பிரிந்ததைப் பின்னர்க் காண்போம்.

சுற்றிச் செல்லும் அப்பெருவெள்ளம் நேராகவும் செல்வதில்லை. சோளக காலத்தில் ஈழத்தின் தென்கரையைத் தழுவிக் கிழக்கே ஓடி வடக்கே வளையும் நீரோட்டத்தின் இடப்பக்கத்தில், தீவுக்குக் கிழக்கே, இடஞ்சுழியாய்ச் சுழலும் பெருஞ்சுழி ஒன்று உருவாகின்றது. அதன் நடுவில் ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். வினயச்சந்திரன், யமகாத்தா என்னும் இருவர் 1998இல் இதனை விளக்கி எழுதியபின் 'இலங்கைக் குவிமாடம்' என்னும் பெயர் சமுத்திரவியலாரிடையே நிலைத்தது. வாடைக் காலத்தில் இலட்சத்தீவுகளின் அருகே இதற்கு எதிராகச் சுழலும் வலஞ்சுழி ஒன்று தோன்றும். வங்கத்தின் உவர்ப்புக் குறைந்த நீர் அங்கே சென்று சேரும். பாக்குக் குடாவோ இத்தகைய பெருஞ்சுழிகளுக்கு இடங்கொடாத சிறுகடல். அதன் சுழிகள் காற்றோடு எழுந்து, அடித்தரையில் உராய்ந்து, காற்றோடு தணிவன. ஆழமின்மையால் காற்று மேலிருந்து அடிவரை நீரைக் கலக்கிவிடும். ஆகவே மழை பெய்தால் உவர்ப்பு விரைவில் குறையும், வெயில் எரித்தால் விரைவில் ஏறும். மண்டபத்திலிருந்த இந்திய மத்திய கடல் மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஜெயராமன் 1954இல் வெளியிட்ட ஆய்வு, மண்டபத்தை அடுத்த இரு குடாக்களின் கரைநீரிலும் உவர்ப்பு பருவந்தோறும் எவ்வாறு மாறுகின்றது என்பதை முறைப்படி அளந்து காட்டிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. மன்னாரில் கோடை வெயிலில் உப்பு விளைவிப்போருக்கு இதன் பயன் அளவுகருவி இன்றியே தெரியும்.

நிற்க. இக்கடலின் இயல்பை முதலில் எழுத்தில் வைத்தோருள் ஒருவர் இதனைக் கண்ணாற் காணாத உரோமர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, குளோடியசு மன்னனின் அவைக்கு ஈழத்திலிருந்து சென்ற தூதர் கூறியவற்றையும் அதற்கு முன்னைய நூலோர் எழுதியவற்றையும் தம் இயற்கை வரலாற்றில் தொகுத்துள்ளார். அத்தூதுக்குக் காரணமானவன், அராபியக் கரையருகே காற்றால் அள்ளுண்டு பதினைந்தாம் நாள் ஹிப்புரோஸ் என்னும் துறையில் ஒதுங்கிய ஓர் உரோமனின் ஆள். ஹிப்புரோஸ் என்பதில் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருத்தலால், மன்னாருக்குத் தெற்கே உள்ள குதிரைமலையே அது என்பர் அறிஞர் பலர். இத்தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடல் ஆறு பாகத்திற்கு மேற்படாத ஆழமுடையதென்றும், ஆனால் சில கால்வாய்களில் நங்கூரம் தரைதொடாத ஆழம் உண்டென்றும், ஒடுங்கிய அவ்வழிகளிற் கப்பலைத் திருப்ப இயலாமையால் இருமுனையிலும் அணியம் வைத்துக் கட்டுவரென்றும் பிளினி எழுதுகின்றார். திரும்பாமலே திரும்பும் கப்பல்! சேதுவின் இடைவெளிகளை அறிந்த தச்சன் ஒருவனின் கைத்திறம் இச்செய்தியில் ஒளிர்கின்றது.

அவர் கூறும் மற்றொரு செய்தி இன்னும் அரியது. இக்கடலோடிகள் ஆண்டில் நான்கு மாதமே கடல் மேற் செல்வர் என்றும், கோடைக் கதிர்த்திருப்பத்தை அடுத்த நூறு நாளைச் சிறப்பாக விலக்குவர் என்றும், அக்கடலில் அது கடுங்குளிர் காலத்திற்கு ஒப்பானதென்றும் அவர் குறிக்கின்றார். ஆனி மாதக் கதிர்த்திருப்பத்திலிருந்து நூறு நாள் எண்ணினால் புரட்டாதியின் நடுப்பகுதி வரும். சோளகம் உரத்து வீசும் காலம் முழுவதும் இதனுள் அடங்கிவிடுகின்றது. உரோமாபுரியில் இருந்தவருக்கு விநோதமாகத் தோன்றிய இக்கணக்கு, இன்றும் மன்னார்த் தென்கரையில் வள்ளத்தைக் கரையேற்றி வைப்பவரின் கணக்கே.

இனி மாதோட்டத்திற்கு வருவோம். மாந்தைத் திடலில் 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதனும், 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையிலான குழுவினரும் அகழ்ந்தனர். போர்ச் சூழலால் நின்றுபோன அவ்வகழ்வின் அறிக்கை 2013இல்தான் நூலாயிற்று. பாரசீகக் குடாப் பக்கத்து நீலப்பச்சை மெருகூட்டிய சாடிகளின் ஓடுகளும், சீனத்து மட்கலங்களும், இந்திய மட்கலங்களும் ஒரே மண்ணடுக்குகளில் அங்கே கிடைத்தன. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் எடுத்த மண்ணைச் சலித்து ஆராய்ந்தோர் 2018இல் வெளியிட்ட முடிவுகள் இன்னும் வியப்பூட்டுவன: நெல்லும் மிளகும் மட்டுமன்றி, மத்தியதரை நாட்டுத் திசையிலிருந்து வந்த கோதுமையும் திராட்சை விதையும், கிழக்கே மொலுக்கஸ் தீவுகளிலன்றி அக்காலத்தில் வேறெங்கும் விளையாத கராம்பும் கிடைத்துள்ளன. கராம்பு ஒரு மொட்டுத்தான். ஆனால் அவ்வொரு மொட்டு ஆயிரக்கணக்கான மைல் கடலைக் கடந்து இத்திடலில் கருகிக் கிடந்தது.

ஏன் இங்கே? இயற்கையான ஆழ்துறை வேண்டுமாயின் திருக்கோணமலை இருந்தது. மாதோட்டத்தின் துறையோ ஆழமற்றது. வழமையான விடை, அருவியாற்றின் வழியே அநுராதபுரத்தை அடைதல் எளிது என்பது. அஃது உண்மையே. 1679இல் கண்டியரசனின் சிறையிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸும் அவ்வாற்றைப் பற்றிக்கொண்டுதான் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். ஆயினும் இவ்விடை நிலத்தின் பக்கத்தையே கூறுகின்றது. கடலின் பக்கத்து விடை வேறு.

மேற்கிலிருந்து பருவக்காற்றோடு வரும் கப்பல் சோளகம் தணியும் காலத்தில் மலையாளக் கரையை அடைந்து, ஐப்பசியளவில் மன்னார்க் குடாவிற்கு வரலாம். கிழக்கிலிருந்து வருவன வாடையோடு மார்கழி, தை மாதங்களில் வந்து சேரும். முன்னது திரும்பிச் செல்ல வேண்டிய காற்றும் அதே வாடை. ஆக, இரு திசைக் கப்பல்களும் ஒரே பருவத்தில் ஈழத்தின் அருகே இருக்கின்றன. ஆனால் இடையே சல்லடை கிடக்கின்றது. பெரிய கலம் எதுவும் சேதுவைக் கடத்தல் இயலாது. பொருள்தான் கடக்க வேண்டும். கலம் நிற்க வேண்டும். பொருளை இறக்கி, சிறு தோணிகளில் ஏற்றி, மறுபுறம் சேர்க்கும் இடம் இன்றியமையாதது ஆகின்றது. அன்றியும், வாடை வீசும்போது தீவின் தென்பக்கம் அமைதியாயிருக்கும். சோளகம் வீசும்போது வடபக்கம் அமைதியாயிருக்கும். எக்காற்றிலும் ஒரு புறம் ஒதுக்கிடம் உடைய துறை எத்தனை உலகில் உண்டு? மீனவர் பருவத்திற்கேற்ப ஒரு கரையிலிருந்து மற்றொரு கரைக்கு வாடியை மாற்றி அமைப்பது இன்றும் காணக்கூடிய வழக்கம். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ், பாரசீகம், எத்தியோப்பியா, இந்தியா, சீனம் ஆகிய எத்திசைப் பொருளும் நடுவேயுள்ள இத்தீவில் வந்து கைமாறுவதாகக் கூறினார். அவர் துறையின் பெயரைத் தரவில்லை. எனினும் அவர் வருணிக்கும் கைமாற்று வணிகத்திற்கு மாதோட்டத்தினும் பொருத்தமான இடத்தைக் காண்பது அரிது. ஆழமின்மை இத்துறையின் குறையன்று. அதுவே இதன் முதல்.

முத்துக்குளிப்பும் இதே நீரியக்கத்தின் கணக்கில் நடந்தது. மன்னார்க் குடாவில் அரிப்பு, சிலாவத்துறைக்கு எதிரே கிடக்கும் பார்களில் சிப்பி வளர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி சென்ற மார்க்கோ போலோ, சித்திரைத் தொடக்கம் முதல் வைகாசி நடு வரையும் குளிப்பு நடக்கும் என்கின்றார். அது வாடை ஓய்ந்து சோளகம் எழாத இடைக்காலம். நீர் தெளிந்து ஓட்டம் தணிந்திருக்கும் சில வாரங்கள். 1902இல் இலங்கை அரசின் வேண்டுகோளின்படி ஹேட்மன் என்னும் உயிர்நூற் பேராசிரியர் ஹோர்னெலுடன் வந்து இப்பார்களை ஆராய்ந்தபோது, பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிறந்தனவாய்ப் படிவதும், சோளகத்தின் அலையும் ஓட்டமும் மணலை வாரிப் போர்த்து அவற்றை அழித்துவிடுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் கண்டார். 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஆங்கிலக் கம்பனி ஒன்றிற்குக் குத்தகையாயிற்று; 1907இன் பின் பார்கள் வெறுமையாயின. சிப்பியின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து வந்து படிவன. அவற்றிற்குக் குத்தகைச் சீட்டு தெரியாது.

இவ்வளவு சிறப்புற்ற மாதோட்டம் ஏன் மறைந்தது? மணல் மூடித் துறை தூர்ந்தது, அதனாலேயே நகரம் அழிந்தது என்னும் கூற்றை நாம் பாடப் புத்தகங்களிலும் மேடைகளிலும் பலமுறை கேட்டிருக்கின்றோம். இக்கூற்றை ஏற்பதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. மணல் சேர்வது உண்மை. இருபுறத்து ஓட்டங்களும் கொணரும் மணல் பாக்குக் குடாவிலும் சேதுவிலும் படிகின்றது. அருவியாறும் தன் பங்கைச் சொரிகின்றது. திடலைச் சூழ்ந்த அகழிகளும் சிறு நீர்வழிகளும் தூர்ந்தமை கண்கூடு. ஆனால் பிளினியின் காலத்திலேயே இக்கடல் ஆழமற்றது. ஆழமற்ற கடலின் கரையிலேதான் இந்நகரம் ஆயிரம் ஆண்டு செழித்தது. வாழ்வித்த திடரையே கொன்றதென்று குற்றஞ் சாட்டுவதாயின் வேறு சான்று வேண்டும். கிடைக்கும் சான்றோ மறுபுறம் சாய்கின்றது.

அகழ்வில் நகர வாழ்வின் அடுக்குகள் பதினோராம் நூற்றாண்டளவில் முடிவடைகின்றன. 993இல் சோழர் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. பொலன்னறுவையின் ஆறு மகாவலி. அதன் கடல் கீழ்க்கடல். அருவியாற்று வழியின் மறுமுனையில் இருந்த சந்தை இவ்வாறு அற்றுப்போயிற்று. சோழர் மாதோட்டத்தை வெறுத்தாரல்லர். அதற்கு இராசராசபுரம் என்று பெயரிட்டனர். தாழி குமரன் என்னும் அதிகாரி அங்கே இராசராச ஈச்சரம் எடுப்பித்து நிவந்தம் அளித்ததைச் சாசனம் கூறுகின்றது. ஆயினும் சோழரின் பெருவணிகத்திற்கு வாயில் நாகப்பட்டினமாயிருந்தது. சீனத்துக் கப்பல் நாகையிலோ கொல்லத்திலோ நின்றால் போதும் என்ற நிலை வந்தபின், சல்லடையின் கரையில் பொருள் மாற்றிப் பிழைத்த நகரம் யாரை நம்பி வாழும்?

துறை முற்றாகத் தூர்ந்திருந்தால் பிற்காலத்தார் அங்கே இறங்கியிருத்தல் இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாவகனாகிய சந்திரபானு தமிழ்ப் படையோடு மாதித்தத்தில் இறங்கினான் என்று சூளவம்சம் கூறும். மாதித்தம் என்பது மாதோட்டத்தின் பாளிப் பெயர். 1560இல் போத்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றி, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையேயுள்ள அதே ஒடுங்கிய நீர்வழியின் ஓரத்தில் கோட்டை கட்டினர். திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் அக்கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வரும் செய்தி. 1658இல் அதனைப் பிடித்த ஒல்லாந்தரும், 1795இல் பெற்ற ஆங்கிலேயரும் அதனை விடவில்லை. தூர்ந்துபோன துறைக்கு மூன்று ஐரோப்பிய அரசுகள் அடுத்தடுத்துக் காவல் வைக்கவேண்டிய அவசியம் என்ன?

சல்லடையை அறுத்துப் பெருங்கப்பல் போக வழி செய்யும் எண்ணம் ஆங்கிலேயர் காலத்தது. பாம்பன் வாயிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் ஆழமாக்கிச் சிறு கப்பல்களுக்கு உதவச் செய்தனர். 1860இல் ரெயிலர் என்னும் கடற்படை அதிகாரி முன்வைத்த கால்வாய்த் திட்டம், பல உருவெடுத்து 2005ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சேதுசமுத்திரத் திட்டமாகத் தொடங்கப்பட்டது. 2007இல் வழக்கின் காரணமாக ஆதாம் பாலப் பகுதியில் வேலை தடைப்பட்டது. அவ்வழக்கில் சமய நம்பிக்கை பற்றிய வாதமே பெரிதும் செவியில் விழுந்தது. இரு கடல்களின் நீர் ஒன்றோடொன்று கலக்கும் அளவு மாறினால் பாக்குக் குடாவின் கடற்புல் வெளிகளும், அவற்றை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவும், மன்னார்க் குடாவின் முருகைக்கற் பார்களும் என்னாகும் என்று கேட்டோரும் இருந்தனர். 1964 திசெம்பர் 22ஆம் நாளிரவு வீசிய புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் அழிந்ததை நினைவிற் கொண்டோர், வெட்டிய கால்வாயில் மணல் எத்தனை நாள் நில்லாதிருக்கும் என்றும் கேட்டனர்.

1990இல் போரின் காரணமாக வெறுமையான திருக்கேதீச்சரம், கருங்கற் றிருப்பணி முற்றி 2022 யூலையில் குடமுழுக்குக் கண்டது. மாசிச் சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தத்தை மொண்டு சென்று மகாலிங்கத்திற்குத் தாமே நீராட்டும் அடியார் கூட்டத்தில் நம் கல்லூரியார் பலரும் இருப்பர். அந்நாட்களில் வாடை தளர்ந்து, கடல் ஒரு திசையிலும் உரத்து ஓடாமல் நிற்கும். கிழக்கிலிருந்து வந்து மாதோட்டத்தில் தங்கிய மாலுமிகள் திரும்பிச் செல்லும் காற்றிற்காகக் காத்திருந்த மாதமும் அதுவே.